மணலில் ஒரு முதுகுத் தடம்

எனக்குச் சந்தேகப் புத்தி. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. கேஸ் அடுப்பை அணைத்து, கதவைப் பூட்டி, பஸ் தரிப்பு வரை வந்த பிறகு திரும்பிப் போய்ப் பார்க்கிற ஆள் நான். பொலிஸில் சேர்ந்திருக்க வேண்டியவள், தவறிப் பாடசாலைக்கு வந்துவிட்டாள் என்று என் கணவர் கேலி பண்ணுவார். பண்ணட்டும். உடற்கல்வி படிப்பிக்கிறவளுக்கு இந்தப் புத்தி இல்லாவிட்டால் பிள்ளைகளுக்குத்தான் கஷ்டம் என்பது என் கட்சி. கணக்கு டீச்சர் கண் அசந்தால் ஒரு விடை பிழைக்கும். நான் கண் அசந்தால் எலும்பு உடையும்.

அப்படி ஒரு தடவை உடைந்தும் இருக்கிறது. வேலை கிடைத்த முதல் வருஷம், பன்விலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் இருந்தேன். மழை பெய்து காய்ந்த மணலைக் கிளறாமல் உயரம் பாய்தல் நடத்தினேன். மேலே பார்த்தால் மணல், உள்ளே தரை. ஒரு பிள்ளை கையை ஊன்றி விழுந்தாள். தோட்டத்து வேனில் கண்டிப் பெரியாஸ்பத்திரிக்குப் போகும் வரை அந்தக் கையை என் மடியில் வைத்துப் பிடித்திருந்தேன். அவளுடைய அம்மா கொழுந்து மலையிலிருந்து அப்படியே வந்துவிட்டார். அவர் என்னை ஏசவில்லை. "டீச்சர் பக்கத்துலதானே நின்னீங்க?" என்று மட்டும் கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்தக் கேள்வி இன்றைக்கும் என்னோடு பஸ்ஸில் வருகிறது.

அதற்குப் பிறகு நான் மணலை நம்புவதில்லை. இடமாற்றம் கிடைத்து அக்குறணைப் பக்கம் ஒரு முஸ்லிம் பாடசாலைக்கு வந்தபோதும் அதே பழக்கம்தான். பாய்தல் நடக்கிற நாளில் பாடசாலைக் காவலாளியை, எல்லாருக்கும் அவர் வோச்சர் நானா, அதாவது வோச்சர் அண்ணன், கூப்பிட்டு மண்வெட்டியால் மணல் குழி முழுக்கக் கொத்தச் சொல்வேன். அவர் கொத்தி முடித்ததும் நான் முழங்கை வரை கையை விட்டுத் துழாவுவேன். போத்தல் மூடி, கண்ணாடித் துண்டு, பூனை வைத்துவிட்டுப் போனது என்று எல்லாம் அகப்பட்டிருக்கிறது. "டீச்சர், நான் கொத்தினா சரியா ஈக்கும்" என்பார் அவர். "இருக்கும் நானா, ஆனா நானும் பாத்துக்கிறேன்" என்பேன். ஒவ்வொரு தடவையும் இதே பேச்சுத்தான். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், மெலிந்த ஆள், கோபத்தை முகத்தில் காட்டத் தெரியாதவர்.

பழகுகிற பிள்ளைகளுக்குக் கம்பு வைக்க மாட்டேன், பாவாடைக்குப் போடுகிற இலாஸ்டிக்கைத்தான் இரண்டு தூணுக்கும் நடுவே கட்டுவேன். கால் தட்டினாலும் அது இழுபட்டுக் கொடுக்கும், பிள்ளை விழாது. ஒருத்தி குழியை விட்டு வெளியே வரும் வரை அடுத்தவள் ஓடக் கூடாது. ஓடிவருகிற பிள்ளை கடைசி மூன்று எட்டில் இருக்கும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது, நானும்தான். அந்த நேரம் ஒருத்தியைக் கூப்பிட்டால் தலை திரும்பும், கால் பிசகும்.

அடுத்தது ஊசி. எங்கள் பிள்ளைகள் தலையை மூடுகிற பர்தாவைக் குத்த ஆளுக்கு மூன்று நாலு குண்டூசி வைத்திருப்பார்கள். தலையில் வண்ண மணி வைத்த ஊசிகள். வந்த புதிதில் ஒரு பிள்ளை பாய்ந்து எழும்பும்போது நாடிக்குக் கீழே ஊசி ஏறி, வெள்ளைப் பர்தாவில் பொட்டளவு இரத்தம் தெரிந்தது. அன்றிலிருந்து பாய்வதற்கு முதல் எல்லா ஊசியையும் கழற்றி ஒரு டொபி மிட்டாய் டின்னில் போட வேண்டும். பர்தாவின் நுனிகளைப் பின்கழுத்தில் முடிந்து சட்டைக்குள் விட்டுக்கொள்வார்கள். டின்னில் எத்தனை ஊசி என்று எண்ணி, சுவரில் சோக்கால் எழுதுவேன். பாடவேளை முடிந்து எல்லாவற்றையும் திருப்பிக் கொடுக்கும்போது அந்த எண்ணிக்கை சரியாக வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் மணலைச் சலிக்காமல் யாரையும் விட மாட்டேன். ஊசி டீச்சர் என்று எனக்கு ஒரு பட்டப்பெயர் இருப்பதும் தெரியும்.

இனி மெத்தைக் கதை.

உயரம் பாய்வதற்கு இரண்டு வழி. கத்தரிக்கோல் மாதிரி ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே என்று தாண்டி, காலில் வந்து நிற்பது ஒன்று. மணல் குழிக்கு அது போதும். மற்றது வளைந்து ஓடிவந்து, முதுகைக் காட்டி எழும்பி, தோளில் விழுவது. பெரிய போட்டிகளில் எல்லாரும் அப்படித்தான் பாய்கிறார்கள். அதற்குத் தடித்த பஞ்சு மெத்தை கட்டாயம் வேண்டும். மணலில் அப்படி விழுந்தால் கழுத்து என்ன ஆகும் என்று எந்தப் பிள்ளையின் உம்மாவிடமும் நான் விளக்க விரும்பவில்லை. எங்களிடம் மெத்தை இல்லாத காலத்தில் அந்த முறையைப் பற்றி வாயே திறக்க மாட்டேன்.

போன வருஷம் தொடக்கத்தில் பழைய மாணவர்கள் சேர்ந்து ஒரு மெத்தை வாங்கித் தந்தார்கள். முழங்கால் உயரம், நீலக் கன்வஸ் உறை. தூக்க எட்டுப் பிள்ளைகள் வேண்டும். அதை மாடிப்படிக்குக் கீழே உள்ள ஸ்டோரில் வைத்தேன். எலி இழுக்காமல் இருக்க உறையை இறுக்கி, மேலே பாரம் ஏற்றினேன். முதல் வாரமே ஒன்பதாம் ஆண்டுப் பெண்பிள்ளைகளுக்கு வெளியே எடுத்து, பின்பக்கமாக விழப் பழக்கினேன். ஓட்டமில்லை, தாண்டலில்லை, நின்ற இடத்திலிருந்து விழுவது மட்டும். நாடி நெஞ்சில் ஒட்ட வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், முழங்கால் இரண்டும் விலகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சொந்த முழங்காலே மூக்கை உடைத்துவிடும். பிள்ளைகள் சிரித்துச் சிரித்து விழுந்தார்கள்.

அவர்களில் ஒருத்தி நெட்டையானவள், இடது காலால் எழும்புகிறவள். இரண்டாவது தடவையே முதுகை வில் போல வளைத்து விழுந்தாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. கத்தரி முறையில் அவள் எட்டக்கூடிய உயரத்தை எட்டி நின்றுவிட்டாள். வலயப் போட்டியில் முந்தின வருஷம் வென்ற பிள்ளை அதைவிட ஒரு சாண் கூடத் தாண்டியிருந்தாள். இவளுக்கு அந்த வயதுப் பிரிவில் இதுதான் கடைசி வருஷம். அடுத்த வாரம் ஓட்டத்தோடு சேர்த்துப் பழக்குகிறேன் என்று அவளிடம் சொன்னேன்.

அடுத்த வாரம் ஸ்டோரைத் திறந்து, பிள்ளைகள் பாரத்தை இறக்கி வைத்த பிறகு பார்த்தபோது மெத்தையில் பள்ளம் விழுந்திருந்தது. தலைக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று. ஓர் ஆள் மல்லாந்து படுத்த அளவு. எனக்கு உடனே மூக்கில் வியர்த்தது. பாடசாலையில் மத்தியானம் தனியாக இருக்கிற ஆண் ஒருவர்தான், வோச்சர் நானா. பிள்ளைகளின் கழுத்துக்கு வாங்கின மெத்தையில் இந்த மனுஷன் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விடுகிறார் என்று முடிவு கட்டினேன். கேட்டேன். இல்லை என்றார். திருதிரு என்று முழித்தார். முழித்ததே எனக்குப் போதுமாக இருந்தது.

அன்று மாலையே டவுனில் ஒரு பெரிய பூட்டு வாங்கினேன், அழுத்தினால் தானாகப் பூட்டிக்கொள்கிற வகை. சாவி ஒன்றுதான், அது என் கைப்பையில். பிரதி அதிபர் இன்னொரு சாவி செய்து அலுவலகக் கந்தோரில் வைக்கச் சொன்னார். செய்து தருகிறேன் சேர் என்று சொல்லி மறந்துபோனேன். மறக்க வேண்டும் என்றே மறந்தேன். வோச்சர் நானாவைக் கூப்பிட்டு, என்றைக்காவது இந்தப் பூட்டு திறந்து கிடந்தால் ஏன் எதற்கு என்று பார்க்காமல் முதலில் அழுத்திப் பூட்டிவிட வேண்டும், மற்றப் பேச்செல்லாம் பிறகு என்று கண்டிப்பாகச் சொன்னேன். அவர் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். "டீச்சர், நான் அதுல படுக்கல்ல" என்றார். சரி நானா, சரி என்றேன். அப்படிச் சொல்லும்போது நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

பள்ளம் நிமிரட்டும், அது வரை பின்பாய்தல் இல்லை என்று பிள்ளைகளிடம் சொன்னேன். பிறகு மழை வந்தது. டவுனுக்குள் தண்ணீர் ஏறி இரண்டு நாள் பாடசாலையே இல்லை. பிறகு நோன்பு லீவு. லீவு முடிந்து வந்தால் வலயப் போட்டிக்கு மூன்று வாரம்தான் மிச்சம். நெட்டைப் பிள்ளை என்னிடம் வந்து மெத்தையைக் கேட்டாள். நாளைக்கு என்றேன். மறுநாளும் கேட்டாள். நாற்பது நிமிஷப் பாடவேளையில் மெத்தையைத் தூக்கி வைக்கவே பாதி போய்விடும், வெள்ளிக்கிழமை பார்ப்போம் என்றேன். அந்த வெள்ளி ஜும்ஆவுக்காக நேரத்தோடு மணி அடித்துவிட்டார்கள். மூன்றாம் தடவை கேட்டபோது, கத்தரி முறையிலேயே பாய், அதுவே உனக்குக் காணும் என்றேன். அவள் சரி டீச்சர் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவ்வளவு இலேசாக அவள் சரி சொன்னதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டிய இடம். அங்கே மட்டும் வரவில்லை.

மறு வாரம் ஒரு காலை குழிப்பக்கம் போனேன். முந்தின நாள் நான் போகும்போது மணலை வாரித் தட்டையாக்கிவிட்டுப் போயிருந்தேன். இப்போது நடுவில் பெரிய தட்டம் அளவில் ஒரு குழிவு. பக்கத்தில் காலடி இல்லை. கத்தரி முறையில் பாய்கிறவள் இரண்டு குதிகாலை மணலில் பதிக்காமல் இறங்க முடியாது. குதிகால் இல்லாமல் மணல் குழிந்திருந்தால் அங்கே விழுந்தது முதுகு.

நாய் படுத்திருக்கலாம் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு மணலைத் துழாவினேன். விரலில் ஏதோ குத்தியது. பச்சை மணி வைத்த ஒரு குண்டூசி. முந்தின நாள் சுவரில் எழுதின எண்ணிக்கை இன்னும் அழியவில்லை. எல்லா ஊசியும் சரியாகத் திரும்பிப் போயிருந்தது. ஆக, நான் போன பிறகு யாரோ ஒருத்தி இங்கே பாய்ந்திருக்கிறாள். ஊசியைக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையில் வைத்தேன்.

அதன் பிறகு நான் இருந்த இருப்பை என்ன சொல்ல. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அலைந்தேன். ஒவ்வொரு பிள்ளையின் பர்தாவிலும் பச்சை ஊசி இருக்கிறதா என்று பார்த்தேன். பாதிப் பேரிடம் இருந்தது. தூண்களில் இலாஸ்டிக் கட்டுகிற ஆணிகளின் மேல் சோக்குத் தூளைப் பூசி வைத்தேன். மறுநாள் காலை நெட்டைப் பிள்ளை பாய்கிற உயரத்துக்குச் சரியான ஆணியில் தூள் அழிந்திருந்தது. அதற்கு மறுநாள் ஓர் ஆணி மேலே. யாரோ அவளுக்கு முதுகால் பாயச் சொல்லிக் கொடுக்கிறார்கள், அதுவும் வெறும் மணலில்.

யார் என்று மனது ஒவ்வொருவராக இழுத்து நிறுத்தியது. டவுனில் பெரிய பாடசாலைகளுக்குப் பிள்ளை பிடிக்கிற பயிற்சியாளர் எவராவது வந்து போகிறாரோ. பிரதி அதிபர், பெண்பிள்ளைகள் பாய்வதைப் பற்றிப் பெற்றோர் கதைக்கிறார்கள் என்று ஒருமுறை இழுத்தாரே, யாராவது விழுந்தால் நிறுத்திவிடலாம் என்று காத்திருக்கிறாரோ. இப்படி நினைத்ததற்கு இப்போது வெட்கப்படுகிறேன், ஆனால் அப்போது நினைத்தேன். எங்கே சுற்றினாலும் கடைசியில் வோச்சர் நானாவில்தான் வந்து நின்றது. கேற்றுச் சாவி அவரிடம். அவருக்குத் தெரியாமல் ஒரு பூனை உள்ளே வராது. போய்க் கேட்டேன். "எனக்குத் தெரியா டீச்சர்" என்றார். கண் நிலத்தில் இருந்தது. பொய் சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அது மட்டும் நான் சரியாகப் பிடித்தேன்.

நெட்டைப் பிள்ளையையே கேட்டிருக்கலாமே என்று என் கணவர் பிறகு கேட்டார். கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டால் இல்லை என்பாள், உஷாராகிவிடுவாள், இன்னும் மறைவாகப் பாய்வாள் என்று நினைத்தேன். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். சந்தேகக்காரிக்குக் கேட்டுத் தெரிந்துகொள்கிற பொறுமை கிடையாது.

பாடசாலை ஒன்றரைக்கு விடும். ஒன்றே முக்கால் பஸ்ஸைப் பிடித்தால்தான் கட்டுகஸ்தோட்டையிலும் வத்தேகமயிலும் மாறி, பன்விலைக்கு நேரத்தோடு வீடு போகலாம். ஆகவே நான் ஒருநாளும் ஒன்றே முக்காலுக்குப் பிறகு அங்கே இருந்ததில்லை. ஆனால் எட்டுப் பத்துப் பெண்பிள்ளைகள் இருப்பார்கள். மூன்று மணிக்கு எங்கள் மண்டபத்திலேயே அவர்களுக்குக் குர்ஆன் மத்ரஸா நடக்கும். தூரத்துப் பிள்ளைகள் வீடு போய் வராமல் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வந்து அங்கேயே இருந்துவிடுவார்கள். ஆண்பிள்ளைகள் போயிருப்பார்கள், கேற்று பூட்டியிருக்கும், மைதானம் அவர்களுக்கு மட்டும். அந்த ஒன்றேகால் மணித்தியாலம்தான் என்று கணக்குப் போட்டேன்.

அன்று எல்லாரும் பார்க்கும்படி கைப்பையைத் தூக்கிக்கொண்டு கேற்று வரை போனேன். பிறகு கழிவறைப் பக்கத்தால் திரும்பி வந்து, ஸ்டோரைத் திறந்து உள்ளே நுழைந்து, கதவைச் சாத்திக்கொண்டேன். காற்றுக்கென்று வைத்த ஓட்டைக் கற்கள் வழியாகக் குழி நன்றாகத் தெரியும். பூட்டு வெளியே கொண்டியில் திறந்தபடி தொங்கியது. சாவி என் கையில்.

உள்ளே இருட்டு, புழுக்கம். நிற்க இடமில்லை. மெத்தை மேல் இருந்த இரண்டு மரப்பெட்டிகளையும் இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். குண்டு போடுதலுக்கான இரும்புக் குண்டுகள் இருக்கிற பெட்டிகள் அவை, இறக்குவதற்குள் இடுப்பு விட்டுப்போனது. உட்கார்ந்த பிறகுதான் கையால் தடவிப் பார்த்தேன். தலைக்கு ஒரு பள்ளம். இடுப்புக்கு ஒரு பள்ளம். இரண்டும் பெட்டி வைத்த இடம். மாதக்கணக்காக இந்தக் கதவு பூட்டிக் கிடந்தது, சாவி என்னை விட்டு நகரவில்லை, பள்ளம் மட்டும் முன்னைவிட ஆழமாக இருந்தது. எலி இழுக்காமல் இருக்கப் பாரம் ஏற்றினவள் நான். அந்தப் பெட்டிகளை முதல் நாளிலிருந்தே அதே இடத்தில் வைத்தவள் நான். பள்ளம் நிமிர வேண்டும் என்று காத்திருந்தவளும் நான்தான்.

இதைச் சரியாக நினைத்து முடிப்பதற்குள் வெளியே காலடிச் சத்தம் கேட்டது. கதவுக்கு வெளியே நின்றது. 'டிக்' என்று ஒரு சத்தம். பிறகு காலடி தூரப் போனது. கற்களின் ஓட்டை வழியாகப் பார்த்தேன். வோச்சர் நானா தோளில் மண்வெட்டியோடு குழியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். பூட்டு திறந்து கிடந்ததைப் பார்த்தார், நான் சொன்னபடி ஏன் எதற்கு என்று பார்க்காமல் அழுத்திப் பூட்டிவிட்டார். சாவியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நான் உள்ளே இருந்தேன்.

கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் இத்தனை நாள் காத்ததெல்லாம் பாழ் என்று ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டேன். அந்த ஒரு நிமிஷத்தில் எல்லாம் என் கண் முன்னால் நடக்கத் தொடங்கியது.

அவர் குழியைக் கொத்தினார். அரைகுறையாக அல்ல, மூலை மூலையாக. கொத்தி முடித்ததும் குனிந்து முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார். பிறகு தன் அறைக்குப் போய், தான் இரவில் படுக்கிற இலவம் பஞ்சு மெத்தையைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு வந்து மணலின் மேல் விரித்தார். நாலு விரல் தடிப்புக்கூட இல்லாத, ஒற்றை ஆள் அகல மெத்தை. அன்று காலடி இல்லாமல் மணல் குழிந்திருந்தது எப்படி என்று விளங்கியது. பிள்ளைகள் வந்தார்கள். நெட்டைப் பிள்ளை சாப்பாட்டுப் பெட்டியின் மூடியை நீட்ட, எல்லாரும் ஊசிகளைக் கழற்றிப் போட்டார்கள். அவள் எண்ணினாள். ஒருத்தி தன் பையிலிருந்து இலாஸ்டிக்கை எடுத்துத் தூணில் கட்டினாள். வோச்சர் நானா முதுகைக் காட்டிக்கொண்டு கேற்றுப் பக்கமாகப் போய், வேறு யாரும் வராமல் பார்த்தபடி நின்றார். யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுத்த ஆள் நான்தான், அதுவும் ஒரே ஒரு நாள், பாதிப் பாடம்.

நெட்டைப் பிள்ளை ஓடத் தொடங்கினாள். வளைந்து வந்தாள். கூப்பிட வாய் திறந்தபோது அவள் கடைசி மூன்று எட்டில் இருந்தாள். நான் என் கையைக் கடித்துக்கொண்டேன். எழும்பினாள், முதுகு இலாஸ்டிக்கைத் தாண்டியது, நாடி நெஞ்சில் ஒட்டியிருந்தது, முழங்கால்கள் விலகியிருந்தன. விழுந்தாள். தோள் மெத்தையில், தலை மெத்தைக்கு வெளியே மணலில். குழியைச் சுற்றிக் கட்டின சிமெந்துக் கல்லுக்கும் அந்தத் தலைக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. எழும்பி மணலைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பயத்திலா, அவள் அவ்வளவு அழகாகப் பாய்ந்ததிலா என்று எனக்கே தெரியவில்லை.

அடுத்ததாக ஒரு சின்னவள் ஓட வந்து நின்றாள். நான் விழப் பழக்கின அன்று அவள் பாடசாலைக்கு வரவில்லை. நின்ற இடத்திலேயே ஒருமுறை பாவனை பண்ணிப் பார்த்தாள். தலையைப் பின்னால் தொங்கவிட்டு, வாயைப் பிளந்து, ஆகாயத்தைப் பார்த்தாள். அப்படி விழுந்தால் முதலில் தொடுவது உச்சந்தலை.

அவள் முதல் எட்டை வைக்கும் முன் இருந்த சத்தத்தையெல்லாம் சேர்த்துக் கத்தினேன். "ஓடாதே புள்ள. அப்படியே நில்லு."

எல்லாரும் உறைந்து நின்றார்கள். கந்தோர்ப் பக்கம் பார்த்தார்கள், மேலே மாடியைப் பார்த்தார்கள். வோச்சர் நானா கேற்றைப் பார்த்தார். "ஸ்டோருக்குள்ள இருக்கேன். வந்து திறங்க" என்று நான் இன்னொரு தடவை கத்த வேண்டியிருந்தது. நெட்டைப் பிள்ளைதான் ஓடி வந்தாள். ஓட்டைக் கல் வழியாக விரலை நீட்டினாள். இத்தனை மாதம் யாருக்கும் கொடுக்காத சாவியை அந்த விரலில் வைத்தேன்.

கையும் களவுமாகப் பிடிபட்டவளைப் போல வெளியே வந்தேன். தலைமுடி முழுக்க ஒட்டடை. சொல்லவென்று மூன்று நாளாகக் கோர்த்து வைத்திருந்த ஏச்செல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. மெத்தை இல்லாமல் ஏன் பாய்ந்தாய் என்று மட்டும் கேட்டேன், அதுவும் மெதுவாக. அவள் அழவில்லை, பயப்படவுமில்லை. "நீங்க சொன்னதெல்லாம் நாங்க செஞ்ச டீச்சர். ஊசி கழட்டின, மணல் கொத்தின, ஒவ்வொருத்தராத்தான் பாஞ்ச. மெத்தைய மட்டும்தான் நீங்க தரல்ல" என்றாள்.

தோட்டப் பாடசாலையில் இருந்தபோது, நீங்கள் பக்கத்தில்தானே நின்றீர்கள் என்று ஓர் அம்மா கேட்டதற்கு ஆமாம் என்றாவது சொல்ல முடிந்தது.

மெத்தையை வெளியே எடுத்தோம். எட்டுப் பிள்ளைகளோடு வோச்சர் நானாவும் ஒரு முனையைப் பிடித்தார். வெயிலில் போட்டதும் இரண்டு பள்ளமும் பளிச்சென்று தெரிந்தது. பிள்ளைகள் கேட்கும்படியே சொன்னேன், இது பெட்டி வைத்த பள்ளம், நான் வைத்த பெட்டி, நீங்கள் படுக்கவில்லை நானா என்று. "அத நான் அப்பவே சொன்ன டீச்சர்" என்றார். அவ்வளவுதான். தன் மெத்தையைச் சுருட்டி, அதிலிருந்த மணலை உதறத் தொடங்கினார். தெரியாது என்று ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன். பிள்ளைகள் எப்படியும் பாய்வார்கள், நீங்கள் நிறுத்தினால் வேறெங்காவது போய்ப் பாய்வார்கள், இங்கே என்றால் மணலாவது கொத்திக் கொடுக்கலாம் என்று உதறிக்கொண்டே சொன்னார். சரியான முடிவல்ல அது. ஆனால் அந்தக் குழியைப் பற்றிக் கவலைப்பட்ட இரண்டு பேரில் மற்றவர் அவர்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மெத்தையின் மறுபக்கத்தைத் திருப்பிப் போட்டு, மூன்று மணி வரை சின்னவளுக்கு விழப் பழக்கினேன். நாடியை நெஞ்சில் வைக்க அவளுக்கு இருபது தடவை எடுத்தது. சாப்பாட்டு மூடியில் ஊசி எண்ணும்போது நெட்டைப் பிள்ளை சொன்னாள், சில நாளாக ஒன்று குறைகிறது டீச்சர், தினமும் சலித்துப் பார்க்கிறோம், கிடைக்கவில்லை என்று. கைக்குட்டையை அவிழ்த்துப் பச்சை ஊசியை அதில் போட்டேன். அவள் அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

வலயப் போட்டியில் அவள் இரண்டாவதாக வந்தாள். முன்னமே மெத்தையைத் திறந்துவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவள் உம்மா என்னைக் கேட்கவில்லை, நானே கேட்டுக்கொள்கிறேன். கழுத்து நேராக இருக்கிறது, அதற்கு மேல் பேராசைப்பட எனக்கு உரிமையில்லை. மெத்தை இப்போது நாளுக்கொரு தடவை வெளியே வருகிறது. நான் காலையில் மணலைப் பார்ப்பதையும் விடவில்லை, ஊசி எண்ணுவதையும் விடவில்லை.

சாவியை அன்றே வோச்சர் நானாவிடம் நீட்டினேன். அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "எனக்கு வாணாம் டீச்சர். நாளைக்கு அதுல ஒரு பள்ளம் விழுந்தா என்னயத்தான் பாப்பீங்க" என்றார். இனிப் பார்க்க மாட்டேன் என்று சொன்னேன். சரி டீச்சர், சரி என்றார், என் முகத்தைப் பார்க்காமல். சாவியைக் கந்தோர்க் கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் மாட்டினேன், யாரும் எடுக்கலாம் என்று. எல்லாரும் எடுக்கிறார்கள். மெத்தையைத் தூக்க வேண்டிய நேரத்தில் வோச்சர் நானாவும் தவறாமல் வருகிறார், ஒரு முனையைப் பிடிக்கிறார். ஸ்டோரைத் திறக்கச் சொன்னால் மட்டும் பிள்ளைகளில் ஒருத்தியைக் கூப்பிட்டுச் சாவியை எடுத்து வரச் சொல்கிறார்.